ரெண்டு தரத்துக்குப் பிறகு

ஏலக்கூடத்தில் அவருக்கு மின்னல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. அதைச் சம்பள நாளில் மட்டும் கூப்பிடுவார்கள், அவரும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் எழுந்து போவார்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்பது மற்றவர்களுக்கு மூன்று பேச்சு. மின்னலுக்கு அது ஒரே சொல். அந்தச் சொல்லின் கடைசி எழுத்து வாயைவிட்டு வெளியே வருவதற்குள் சுத்தியல் மேசையில் விழுந்துவிடும். ஒருமுறை, மழைக்கு ஒதுங்க உள்ளே வந்த ஆள் ஒருவர் குடையை உதறக் கையைத் தூக்கினார். தூக்கிய கையை இறக்குவதற்குள் பல் டாக்டரின் பழைய நாற்காலி ஒன்று அவர் தலையில் கட்டப்பட்டிருந்தது. அவர் போட்ட கூச்சலில் முதலாளி ஒரு சட்டம் கொண்டுவந்தார். மூணாவது தரம் கூடத்தில் எல்லோர் காதிலும் விழவேண்டும். விழாவிட்டால் சுத்தியல் தட்டினாலும் செல்லாது. பெரிய எழுத்தில் எழுதி மேடைக்கு மேலே மாட்டியும் விட்டார். மின்னல் அதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் குரலை உயர்த்தினார், வேகத்தைக் குறைக்கவில்லை.

கூடம் ஒன்றும் அரண்மனை இல்லை. முன்பு சரக்குக் கிடங்காக இருந்த இடம். தகரக் கூரை, மடக்கு நாற்காலிகள், மரப்பெட்டிகளை அடுக்கிப் பலகை போட்ட மேடை. மூடிப்போன அலுவலகங்களின் மேசைகளும், காலி செய்த வீடுகளின் கட்டில்களும் அங்கே வந்து சேரும். பக்கத்தில் கண்ணாடி அறைக்குள் முதலாளி மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார். முன்வரிசை முழுவதும் பழைய சாமான் வியாபாரிகளுடையது. அவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் தாடி. இன்னொருவர் தங்கப்பல் என்ற அம்மாள். இருவருக்கும் ஆகாது. ஆகாது என்பதால்தான் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்கள். எதிரி எதைப் பார்க்கிறான் என்று பார்க்கவேண்டாமா?

கொரோனா அவர்கள் தெருவுக்கும் வந்தது. மின்னலுக்கு வந்தது, அவர் மனைவிக்கும் வந்தது. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், கண் பரிசோதித்து, கண்ணாடி பொருத்தி, மூக்கில் உட்காருகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்து அனுப்புகிறவள். ஒரு வாரம் படுத்தாள், எழுந்தாள், கடைக்குப் போய்விட்டாள். மின்னலுக்கும் காய்ச்சல் அதே கணக்கில்தான் விட்டது. இருமல் நின்றது. வாசனைதான் திரும்பி வரவில்லை, சோப்பும் மண்ணெண்ணெயும் ஒன்றாக இருந்தன. அது போனால் போகட்டும், மூக்கால் யாரும் ஏலம் விடுவதில்லை என்று அவரும் வேலைக்குக் கிளம்பினார்.

திரும்பி வந்த முதல் நாள், முதல் சாமான் ஒரு கண்ணாடி அலமாரி. சாதாரண அலமாரி, ஒரு கதவு இழுத்தால் வரும், ஒரு கதவு இழுத்தாலும் வராது. தாடி ஒரு விலை சொன்னார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

"ஒரு தரம்," என்றார் மின்னல். "ரெண்டு தரம்."

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இல்லை என்றால் சுத்தமாக இல்லை. ரெண்டுக்குப் பிறகு ஏதோ ஒன்று வரும் என்று அவருக்குத் தெரியும். அதை ஆயுசு முழுக்கச் சொல்லியிருக்கிறார் என்றும் தெரியும். ஆனால் அது இருந்த இடம் பெருக்கித் துடைத்த மாதிரி காலியாக இருந்தது. அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒரு தகரம் காற்றில் கிறீச்சிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில் கூரையின் சத்தத்தை யாரும் கேட்டதே இல்லை.

தாடி நிமிர்ந்து உட்கார்ந்தார். மின்னல் ஏன் நிறுத்தினார்? அலமாரியில் என்ன இருக்கிறது? தங்கப்பல் அம்மாள் தாடியின் முகத்தைப் பார்த்தாள். தாடியின் முகம் மாறுகிறது என்றால் அலமாரியில் நிச்சயம் ஏதோ இருக்கிறது. அவள் விலையை ஏற்றினாள். இவர் ஏற்றினார். அவள் மறுபடி ஏற்றினாள். மேடையில் மின்னல் இன்னமும் கூரையிலேயே தேடிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் யாரோ பலமாகத் தும்மினார்கள், அந்த அதிர்ச்சியில் "மூணு தரம்" என்று வாயிலிருந்து விழுந்தது. சுத்தியலும் விழுந்தது. கதவு திறக்காத அலமாரி, அலமாரிக்கே கூச்சம் வருகிற விலைக்குப் போயிற்று.

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"யோவ் மின்னல்! இந்த வித்தையை இத்தனை வருஷமா எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தே?"

"வித்தை இல்லீங்க முதலாளி. மறந்துபோச்சு."

"மறந்துபோச்சாம்!" முதலாளி முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "இதையே தினமும் மற."

மின்னல் மறந்தார். முதலாளி சொன்னதற்காக அல்ல, வேறு வழியில்லாததால். சில நாள் ரெண்டோடு நின்றார், சில நாள் ஒன்றோடே நின்றார். ஒருமுறை எதை விற்கிறோம் என்பதே நழுவிப்போய், பக்கத்தில் இருந்த இரும்புப் பெட்டியைத் தடவிப் பார்த்து, "இது..." என்றார். அந்த "இது"வுக்கே விலை ஏறியது. காலை வேளையில் ஓரளவு ஓடும். சாயங்காலம் ஆக ஆக, தலைக்குள் யாரோ ஈரத் துணியைப் போட்டு மூடியது போலாகும். விரல் நுனியில் எறும்பு ஊரும். மேடையை விட்டு இறங்கினால் தரை ஒரு பக்கமாகச் சாயும். வீட்டுக்கு வந்து படுத்தால் எழுந்திருக்க மனம் இருக்கும், உடம்பு இருக்காது.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? டீக்கடையில் உட்கார்ந்து சாத்திரமே எழுதிவிட்டார்கள். மின்னல் மேலே பார்த்தால் சரக்கு அசல். கீழே பார்த்தால் போலி, ஆனால் நல்ல போலி. காதைச் சொறிந்தால் உள்ளே ரகசிய அறை. கண்ணை மூடிக்கொண்டால் என்ன அர்த்தம் என்பதில் இரண்டு கட்சி இருந்தது. உண்மையில் கண்ணை மூடும்போது அவருக்குத் தலை சுற்றும், அவ்வளவுதான். இதை அவரே நேரில் சொல்லியும் தாடி நம்பவில்லை.

"தலை சுத்துதுன்னு சொல்றாரு பாரு. தொழில் ரகசியத்தை எவன் வெளியில சொல்வான்?"

முதலாளி ஒரு படி மேலே போனார். வாசலில் மின்னலின் படத்தைப் போட்டு, 'நிதானத்தின் சிகரம்' என்று எழுதிவைத்தார். மின்னல் என்ற பெயரை மட்டும் மாற்றவில்லை. பலகைக்காரன் அதற்குத் தனியாகக் கூலி கேட்டானாம். கூடத்தில் இரண்டாவது ஏலக்காரன் ஒருவன் உண்டு, வாட்டசாட்டமான ஆள், மின்னல் லீவு போட்டால் மேடையேறுகிறவன். அவனை முதலாளி கூப்பிட்டு, நீயும் இதைக் கற்றுக்கொள் என்று உத்தரவு போட்டார். அவன் சிரத்தையாகப் பழகினான். ரெண்டு தரம் சொல்லிவிட்டு அவன் கூரையைப் பார்த்து நின்ற நிற்பில், கூட்டம் வெளியே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தது. அவன் அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மின்னல் தலையை ஸ்கேன் எடுத்துக்கொண்டு நரம்பு டாக்டரிடம் போனார். மனைவியும் கூட வந்தாள். அந்த டாக்டர் அம்மாள் விறுவிறுவென்று பேசுகிறவர், ஆனால் பதில் வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவர். மிருகங்களின் பெயரைச் சொல்லச் சொன்னார். "ஆடு, மாடு," என்றார் மின்னல். வெகுநேரம் யோசித்து, "இன்னொரு மாடு," என்றார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்.

"ஏத்தித்தான் பழக்கம் டாக்டர். இறக்கிப் பழக்கமில்ல."

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விளக்கினார். "இந்தக் கிருமி நெஞ்சோட நிக்கறதில்ல. சில பேருக்கு மூளை, நரம்பு வரைக்கும் கை வெச்சுடுது. கிருமி போனதுக்கு அப்புறமும் உடம்பு சண்டையை நிறுத்தாம இருக்கலாம், அதனால இப்படி வார்த்தை தடுமாறுது, மறதி, களைப்பு, விரல்ல மதமதப்பு எல்லாம் வருது. எப்படின்னு எங்களுக்கே இன்னும் முழுசாப் பிடிபடல."

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்களே?" என்று மனைவி கேட்டாள்.

"ஸ்கேன்ல தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடாதும்மா."

"மருந்து?"

"இதுக்குன்னு ஒரு மாத்திரை கிடையாது. நிறைய பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாச் சரியாகுது. களைப்பு வர்றதுக்கு முன்னாடியே உட்காரணும். சத்தம், கூட்டம், அவசரம், இதெல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். ஐயா என்ன வேலை பண்றீங்க?"

மின்னல் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் முதலாளியிடம் லீவு கேட்டார். ஏலக்காரர் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அத்தனை பதறாத முதலாளி இப்போது பதறினார்.

"ஓய்வா? என்னய்யா பேசறே? மூளைக்குத்தானே ஓய்வு வேணும்? அது பாட்டுக்கு எடுத்துக்கட்டும். நீ மேடையில வந்து நின்னாப் போதும்."

"வார்த்தை வரமாட்டேங்குதுங்க."

"வரவேண்டாம்னுதானே சொல்றேன்!"

நோய் என்றால் நஷ்டம் வரவேண்டும். அப்போதுதான் உலகம் அதை நோய் என்று ஒப்புக்கொள்ளும். மின்னலின் நோயில் எல்லோருக்கும் லாபம், ஆகவே அது திறமை. முதலாளி சம்பளத்தை உயர்த்தினார், உயர்த்தியதை மின்னல் கையோடு கொண்டுவந்து வீட்டில் கொடுத்தார். அவர் நடிக்கிறாரோ என்ற மனைவியின் சந்தேகம் அன்றைக்குத்தான் முற்றிப்போனது.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. கண்ணால் பார்த்ததை நம்புகிற தொழில் அவளுடையது. தன் கணவன் நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாக நடக்கிறார், முகம் வாடவில்லை, ஸ்கேன் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூடத்தில் நின்று நின்று பேசுகிறார், அதற்குக் கூடுதல் சம்பளம் வருகிறது. "எனக்கும்தானே வந்துச்சு? நான் எந்திரிச்சு வேலைக்குப் போகலியா?" என்பாள். மின்னலுக்கு இதற்குப் பதில் உண்டு. அதைச் சொல்ல வார்த்தைதான் வரவில்லை.

ஒருநாள் அவள் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள்.

"எப்படி இருக்கு?"

உண்மையிலேயே அழகாக இருந்தது. முடியோடு வயதும் கொஞ்சம் உதிர்ந்துபோனது போல் இருந்தாள். "நல்..." என்றார் மின்னல். மீதி வரவில்லை. கூரையைப் பார்த்தார்.

"விலை ஏத்தறீங்களாக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிட உரக்கப் பேசின. மின்னலுக்கு அழுகையே வந்தது. கூடத்தில் வாயை மூடினால் கைதட்டுகிறார்கள், வீட்டில் அதே வாய் மூடினால் முகம் திருப்புகிறார்கள். ஊரே நம்பாமல் போகட்டும். இவள் ஒருத்தி, தான் நடிக்கவில்லை என்று நம்பினால் போதும் என்று அவருக்கு இருந்தது.

இந்த நேரத்தில்தான் இஸ்திரி மேசை வந்தது.

மனைவியின் அம்மா தெருவுக்கெல்லாம் துணி தேய்த்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவள். அந்த மேசையின் அடியில் உட்கார்ந்துதான் மனைவி பள்ளிக்கூடப் பாடம் படித்தாள். மேலே அம்மாவின் கை போய்ப்போய் வரும், கீழே இவள் வாய்ப்பாடு சொல்வாள். மேல் பலகையில் இஸ்திரிப் பெட்டியின் உருவத்திலேயே ஒரு தீய்ந்த தழும்பு உண்டு. இவள் முதல் வகுப்பில் தேறிவிட்டாள் என்று யாரோ வந்து சொன்னதும் அம்மா பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடியதில் வந்தது அது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் இருந்தவன் தம்பி. அவன் சின்ன வீட்டுக்குக் குடிபோகிறவன், இருந்த சாமான் அத்தனையையும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏலக்கூடத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டான்.

அவள் போனில் அவனை உண்டு இல்லை என்று ஆக்கினாள். "எனக்கென்னக்கா தெரியும், அது உடைஞ்ச மேசைதானே," என்றான் அவன். மின்னல் முதலாளியிடம் போய் நின்றார்.

"உள்ளே வந்த சாமான் சுத்தியல் படாம வெளிய போகாதுய்யா. உனக்கே தெரியும்," என்றார் முதலாளி. "உன் வீட்டம்மாதானே? வந்து கேக்கட்டும். விறகுக்குக்கூட ஆகாத மேசை. யார் போட்டிக்கு வரப்போறா?"

அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"அந்த ரெண்டாவது ஆளை விடச் சொல்லுங்களேன்," என்றாள் அவள்.

"அவன் இழுத்தா மேசை மக்கிப்போயிடும். நானே விடறேன். நீ விலை சொன்ன உடனே தட்டிடறேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "முதலாளிக்கு இழுக்கற மாதிரி எனக்கும் இழுத்துடாதீங்க. அது ஒண்ணுதான் எங்க அம்மாவோடதுன்னு இருக்கு."

"சத்தியமா," என்றார். அந்தச் சொல் தடங்கல் இல்லாமல் வந்தது.

அன்று காலை குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. மறுபடி சொன்னார், மறுபடியும் ஓடியது. பழைய மின்னலே திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. அந்தத் தெம்பில் அவர் ஒரு யோசனை செய்தார். தன் தொழில் அனுபவத்தை எல்லாம் திரட்டிச் செய்த யோசனை அது. மேசையை முதலில் விட்டால் வியாபாரிகள் எல்லோரும் தெம்பாக உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில், ஓட்டை வாளிகளுக்கும் பிய்ந்த பாய்களுக்கும் பிறகு வைத்தால், முன்வரிசை பாதி காலியாகியிருக்கும். சாமான் வரிசையில் மேசையைக் கடைசிக்குத் தள்ளினார்.

கடைசியில் காலியாகப்போவது தன் தலைதான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. களைப்பு வருவதற்கு முன்னால் உட்காரச் சொன்ன டாக்டரும் நினைவுக்கு வரவில்லை. மறதிக்காரருக்கு மறதி இருக்கிறது என்பதே மறந்துபோனது, பாவம்.

மனைவி கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பை, கைப்பையின் மேல் இரண்டு கை. கட்டில்கள் போயின, சுவர்க் கடிகாரங்கள் போயின. ஒவ்வொன்றிலும் மின்னல் நின்று தேடித் தேடி விலை ஏறிற்று. அவள் பின்னால் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் இறுகிக்கொண்டே போனதை மேடையிலிருந்து அவரும் பார்த்தார். மேசை வந்தபோது சாயங்கால வெயில் தகர இடுக்கு வழியாக உள்ளே விழுந்திருந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விரல்களில் எறும்பு.

அந்த யோசனை பலிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. மின்னல் ஒரு சாமானைத் தன் கையாலேயே கடைசிக்குத் தள்ளினார் என்ற செய்தி மத்தியானமே டீக்கடைக்குப் போய்விட்டது.

மனைவி எழுந்து ஒரு விலை சொன்னாள். விறகுக்கு உரிய விலைதான், மேலே கொஞ்சம் மரியாதை. கூடம் அமைதியாக இருந்தது. தாடி யோசித்துக்கொண்டிருந்தார், இன்னும் கையைத் தூக்கவில்லை. இதுதான் நேரம்.

"ஒரு தரம் ரெண்டு தரம்," என்றார் மின்னல், பழைய வேகத்தில்.

நின்றுபோனது.

இந்த முறை அவர் கூரையைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்தாள். வா, வா, வந்துவிடு என்று அந்தச் சொல்லை உள்ளே கெஞ்சினார். உதடு குவிந்தது, காற்று மட்டும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுத்தியலை ஓங்கித் தட்டினார்.

"மூணு கேக்கலியே!" என்று தாடி எழுந்து மேடைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். "செல்லாது, செல்லாது," என்றது முன்வரிசை. மின்னலே சம்பாதித்துக் கொடுத்த சட்டம், அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார். சொல் வராவிட்டால் என்ன, கணக்குப் புரிந்தால் போதாதா? தங்கப்பல் அம்மாளுக்குப் புரிந்தது வேறு.

"மூணு மடங்கா? யார் கேட்டது? அப்ப நான் நாலு!"

அதோடு கூடம் கொதித்துவிட்டது. தாடி எழுந்து வந்து மேசையைக் குனிந்து பார்த்தார். தீய்ந்த தழும்பைத் தடவினார். "முத்திரை," என்று தன் ஆளிடம் கிசுகிசுத்தார். "பழங்காலத்துத் தச்சன் சூடு போட்டிருக்கான்." கிசுகிசுப்பு மூன்று வரிசைக்குக் கேட்டது. அவர் ஒரு விலை சொன்னார், அம்மாள் ஒரு விலை சொன்னாள். மனைவி கைப்பையைத் திறந்து பார்த்து இன்னொரு விலை சொன்னாள். அதை அவர்கள் இருவரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனார்கள். அவள் கைப்பையை மூடினாள்.

மின்னல் மேடையில் மூன்று விரலோடு நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "அழறார்!" என்றான் எவனோ. "விட மனசில்லாம அழறார்!" விலை இன்னொரு முறை ஏறியது.

அப்போதுதான் மனைவி பின்வரிசையிலிருந்து நடந்து வந்தாள். நாற்காலிகளை இடித்துக்கொண்டு, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல், நேராக மேடைக்கு வந்தாள். ஏறினாள். அவர் முகத்துக்கு எதிரில், கண்ணாடி பொருத்துகிற தூரத்தில் நின்று, அவர் கண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"அவருக்கு வார்த்தை வரலைங்க! நடிக்கல. உடம்பு சரியில்ல. காய்ச்சல் போயிடுச்சு, தலையில இருந்து போகல. மனுஷன் இத்தனை நாளா சொல்றாரு, நீங்களும் கேக்கல, நானும் கேக்கல!"

பிறகு தாடி மெதுவாகக் கைதட்டினார். "குடும்பமே இறங்கிட்டாங்கப்பா," என்றார் பயபக்தியோடு. "அப்ப சரக்கு பெரிய சரக்கு." புது விலை ஒன்று சொன்னார். கண்ணாடி அறைக் கதவைத் திறந்துகொண்டு முதலாளி வந்தார், அவர் முகம் விளக்குப் போட்டது போல் இருந்தது.

"அம்மா, பிரமாதம்! நாளையிலிருந்து நீங்களும் வர்றீங்களா?"

அவள் கணவனின் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கி முதலாளியின் கையில் வைத்தாள். இன்னமும் நிமிர்ந்தே இருந்த அந்த மூன்று விரலை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, வீட்டுக்குப் போலாம். நாளைக்கும் வரவேண்டாம், நாளன்னிக்கும் வரவேண்டாம்."

அவர்கள் வாசலைத் தாண்டும்போது இரண்டாவது ஏலக்காரன் மேடையேறிவிட்டான். "ரெண்டு தரம்," என்று அவன் குரல் கேட்டது. அப்புறம் கூரையின் சத்தம் கேட்டது. அந்த மேசை கடைசியில் யாருக்குப் போயிற்று, எந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் எந்த முத்திரையோடு நிற்கிறது என்று விசாரிக்க அவள் பிறகு ஒருபோதும் போகவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவரை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்று யாரும் கட்சி பிரிந்து வாதாடவில்லை.

"கடையில கடைசி வரியைப் படிக்கச் சொல்வேன்," என்றாள் அவள் வெளியே பார்த்துக்கொண்டு. "சில பேர் முழிப்பாங்க. எழுத்து இருக்குன்னு தெரியும், என்ன எழுத்துன்னு தெரியாது. வெக்கமா இருக்கும், சொல்லமாட்டாங்க. தினம் அந்த முழியைப் பாக்கறேன். வீட்டுல இருந்ததைப் பாக்கலியே நான்."

அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். மேசை போயிடுச்சே என்று சொல்ல வாயெடுத்தார். "மே..." என்று வந்து நின்றது.

"போனாப் போகுது," என்றாள். அவள் குரல் உடைந்தது. "நிதானமா வரட்டும். நான் எங்க போகப்போறேன்?"

கண்டக்டர் வந்தார். "டிக்கெட் எத்தனை?"

"மூணு," என்றார் மின்னல். பளிச்சென்று, சுத்தியல் விழுவதற்கு முன்பு வருகிற அந்தப் பழைய வேகத்தில்.

கண்டக்டர் இருவரையும் பார்த்தார், மூன்றாவது ஆளைத் தேடிப் பின் சீட்டையும் பார்த்தார். மின்னல் மனைவியைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். அவள் கைப்பையைத் திறந்து மூன்று டிக்கெட்டுக்கும் காசு கொடுத்தாள்.